ரோண்டா மாக்கினென் போட்ட கோல்

ரோண்டா மாக்கினெனுக்கு ஐஸ் மேல் ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது. கிளம்பிவிட்டாளென்றால் எதிரே பலகைச் சுவர் வந்து முட்டும்வரை போய்க்கொண்டே இருப்பாள். திரும்புவதும் இடப்பக்கம் மட்டும்தான். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் இடப்பக்கமாகவே முக்கால் வட்டம் அடித்து வந்து சேருவாள். அதற்குள் ஆட்டம் அந்தக் கோடிக்குப் போயிருக்கும். ஐம்பத்திரண்டு வயதில் ஐஸ் ஹாக்கி ஆட வந்தவளுக்கு இவ்வளவு வந்ததே பெரிசு என்று நாங்கள் சொல்லுவோம். அவளிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

எங்கள் ஊரில் அவளைத் தெரியாத ஆள் கிடையாது. கால் நூற்றாண்டாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். நானும் அதே டிப்போவில்தான் ஓட்டுகிறேன். பின் சீட்டில் எவன் எவனைக் கிள்ளினாலும், தலையைத் திருப்பாமல் கண்ணாடியில் பார்த்தே பேர் சொல்லி அதட்டுவாள். அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு, மூன்று பையன்கள் ஹாக்கி ஆடிய காலமெல்லாம் அரங்கத்தின் மேல்படியில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்து கத்தினாள். "மட்டையக் கீழ வைடா! தலையத் தூக்குடா! பின்னாடி வர்றான் பாரு, குருடா!" நடுவர்களே அவள் இருக்கிற பக்கம் வரப் பயப்படுவார்கள்.

கடைசிப் பையன் கோல்பி, தெற்கே காலேஜுக்குப் போகுமுன் ஹாக்கியை விட்டுவிட்டேன் என்றான். ரோண்டா விடுவாளா? அவன் எங்கெங்கே சொதப்பினான், எதை எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று சமையலறையில் நின்று பாடம் எடுத்திருக்கிறாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டானாம்.

"அம்மா, நீ வாழ்க்கையில ஒரு தடவையாவது அந்த ஐஸ்ல நின்னுருக்கியா?"

மறுநாள் காலை டிப்போவில் காபிக் கோப்பையை என் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"கரோல், உங்க ஞாயித்துக்கெழம டீம்ல எடம் இருக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்டி. ஒரு கோல். ஒரே ஒரு கோல் போட்டு அந்தப் பயலுக்குக் காட்டணும்."

பெண்களுக்கான புதுமுக லீக் எங்களுடையது. நான்கே அணிகள், ஞாயிறு மத்தியானம் ஆட்டம். எங்கள் கேப்டன் மார்னி வங்கியில் வேலை பார்க்கிறாள். தங்கமான பெண், கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் ஸாரி கேட்கிற ரகம். வாராவாரம் எல்லோருக்கும் பட்டர் டார்ட் என்கிற பிசுபிசுத்த இனிப்புப் பலகாரம் சுட்டு எடுத்து வருவாள். அவளை யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது. கதையில் வில்லி என்று யாராவது வேண்டுமென்றால், துரதிர்ஷ்டம், அவளைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் நாள் உடை மாற்றும் அறையிலேயே ஆரம்பித்துவிட்டது. ரோண்டா கோல்பியின் பழைய சாமான்களைப் பையோடு தூக்கிவந்திருந்தாள். பையைத் திறந்ததும் அறையில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டோம். குனிந்து ஸ்கேட்டை மாட்டி, கயிற்றை இறுக்கி, முடிச்சுப் போட்டு நிமிர்ந்த பிறகுதான், தொடைக்குப் பஞ்சு வைத்த கால்சட்டை இன்னும் பைக்குள்ளேயே கிடப்பது தெரிந்தது. ஸ்கேட்டின் கத்தியோடு அது ஏறாது. எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்று பையன்களுக்கு வருஷக்கணக்கில் மாட்டிவிட்ட கை அது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு விழுந்தாள். முன்னால் விழுந்தாள், பின்னால் விழுந்தாள், நின்ற இடத்தில் நின்றபடியே விழுந்தாள். சனிக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற திறந்தவெளி ஐஸில், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பழகும் மழலைகளுக்கு நடுவே பழகினாள். திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துத் தன்னைத்தானே இழுத்துப் போட்டுக்கொள்வாள். "என்ன மிஸ், மறுபடியும் விழுந்தீங்களா?" என்று பிள்ளைகள் கேட்கும். "ஒக்காரு பேசாம!" என்று ஒரு சத்தம் வரும்.

"மேலேருந்து பாத்தா எல்லாம் தெளிவா தெரிஞ்சுதுடி" என்றாள் ஒருநாள். "கீழ வந்தா ஒரு மண்ணும் தெரியல. வட்டு எங்க இருக்குன்னே தெரியல. அந்தப் பசங்கள எவ்ளோ திட்டிருக்கேன்!"

வட்டு என்றால் பந்துக்குப் பதிலாக நாங்கள் அடிக்கும் கறுப்பு ரப்பர். அது அவள் மட்டைக்கு வந்துவிட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். எதிரணிக்காரிகள் யாரும் கிட்டே வரமாட்டார்கள். இரண்டு கை தூரத்தில் கூடவே ஓடிவருவார்கள், கல்யாணப் பெண்ணுக்குத் துணை போவது மாதிரி. அவளாக விழுந்து வட்டைத் தொலைத்த பிறகு, "அடிபட்டுச்சா ரோண்டா?" என்று குசலம் விசாரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் ஊர்க்காரர்களின் வியாதி இது. முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்வதற்குப் பதில் பனியில் புதைந்த உங்கள் காரைத் தள்ளிக் கொடுப்பார்கள்.

"ஏன்டி எங்கிட்டேருந்து யாரும் பறிக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டாள்.

"ஒன் தொண்டைக்குப் பயந்துதான்" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

பிப்ரவரியில் பச்சை ஜெர்சி அணியோடு ஆட்டம். அவர்களுடைய கோல்கீப்பர் ஜோலீன் என்கிற பெண், மளிகைக் கடையில் இறைச்சிப் பகுதியில் வேலை. பாலர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாவது வரை ரோண்டாவின் பஸ்ஸிலேயே போய்வந்தவள். ஆட்டம் முடியப்போகும் நேரம், மார்னி தள்ளிவிட்ட வட்டு ரோண்டாவின் காலடிக்கு வந்தது. அவள் அதை அடித்தாள் என்று சொல்ல முடியாது, பெருக்கினாள். அது சோம்பேறித்தனமாகச் சறுக்கிப்போய் ஜோலீனின் கால்களுக்கு நடுவே நுழைந்து கோலானது.

அரங்கமே எழுந்து கத்தியது. "செம ஷாட் ரோண்டா! நான் பாக்கவே இல்ல!" என்று ஜோலீனே வந்து கட்டிக்கொண்டாள். முதல் கோல் போட்டவருக்கு அந்த வட்டை வலையிலிருந்து எடுத்து, வெள்ளை டேப் சுற்றி, பேர் எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஊரில் பாதி வீடுகளில் டிவி பக்கத்தில் இப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும். ரோண்டா அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அழுதாள். அவள் கணவன் டேல் எல்லாவற்றையும் போனில் எடுத்திருந்தான். அறைக்கு வருவதற்குள் படம் கோல்பிக்குப் போய்விட்டது. "அம்மா! நீ போட்டுட்ட!" என்று பதிலும் வந்துவிட்டது.

மறுநாள் டிப்போவில் எல்லோரையும் கூட்டி வைத்துப் படத்தைக் காட்டினாள். டிரைவர்கள் கை தட்டினார்கள். இன்னொரு தரம் போடு என்றார்கள், போட்டாள். எல்லோரும் அவரவர் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது தனக்காக இன்னொரு தரம் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனதைப் பார்த்தேன்.

"கரோல், இந்தப் பச்சைக்காரியப் பாரு. நான் வர்றப்ப எதுக்கு ஒதுங்கறா?"

"ஒன்ன மறிக்க வேற பக்கமா..."

"சும்மா இரு. மார்னியப் பாரு. எனக்குத் தள்ளிவிடறதுக்கு முன்னாடி ஜோலீனப் பாத்துத் தலையாட்டறா." படத்தை நிறுத்தினாள், விரலால் பெரிதாக்கினாள். "ஜோலீன் காலப் பாரு. மூடித்தான் வச்சிருக்கா. வட்டு பக்கத்துல வந்ததுக்கப்புறம் தொறக்கறா."

அவளுக்கு ஆடத் தெரியாது, சரி. ஆனால் இத்தனை வருஷம் மேல்படியில் உட்கார்ந்து பார்த்தவள். எங்கள் ஊரில் ஆட்டத்தைப் படிக்க அவளைப்போல் ஆள் கிடையாது. அதைத்தான் மார்னி மறந்துவிட்டாள்.

"கோல்பிக்குப் போயிருச்சே" என்றாள் ரோண்டா. போய் பஸ்ஸைக் கிளப்பினாள்.

அடுத்த ஞாயிறு அறையில் மார்னி டார்ட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். ரோண்டா நேரே போய் அவள் முன்னால் நின்றாள்.

"யாரோட யோசன?"

மார்னி சிவந்துபோனாள். "நீ எவ்ளோ பாடுபடறேன்னு பாத்துட்டே இருந்தோம் ரோண்டா. சீசன் வேற முடியப்போவுது. ஒரு சந்தோஷமா இருக்கட்டுமேன்னு... ஸாரி."

"ஸாரி கேக்காதே!"

"ஸாரி, நான்..."

"மார்னி, இன்னொரு தடவ ஸாரின்னே, அந்த டார்ட்ட ஒன் ஹெல்மெட்டுக்குள்ள அப்பிருவேன்." குரல் உடைந்தது. "வரலேன்னா வரலேன்னு போயிருப்பேன். வந்துருச்சுன்னு நம்ப வச்சிட்டீங்களே. எம்புள்ளகிட்ட என்னைப் பொய் சொல்ல வச்சிட்டீங்களே!"

டேப் சுற்றிய வட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். எனக்கு மார்னி மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவளைத் திட்டவும் முடியவில்லை, அவளும் அழுதுகொண்டிருந்தாள். நல்லவர்களோடு சண்டை போடுவதைப்போல் எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் இல்லை.

சீசனின் கடைசி ஆட்டம் மறுபடி பச்சை ஜெர்சியோடு. ஆட்டத்துக்கு முன்னால் நடைபாதையில் ஜோலீனைப் பிடித்தாள் ரோண்டா.

"ஏன் அப்டிப் பண்ணினே?"

ஜோலீன் தரையைப் பார்த்தாள். "சின்ன வயசுல ஒருநாள் நான் பஸ்லயே நனைச்சிட்டேன். நீங்க ஒங்க கோட்டக் கழட்டி என் இடுப்புல கட்டிவிட்டீங்க. யார்கிட்டயும் சொல்லல."

"அதுக்கு? கோட்டுக்குக் கோலா?"

"இல்ல ரோண்டா..."

"எனக்கு நல்லது பண்ணணும்னா எனக்கு எதிரா ஆடு. ஒங்க டீம்ல எல்லார்ட்டயும் சொல்லு."

சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு விட்டுவைக்கவில்லை. ரோண்டாவின் மட்டைக்கு வந்த வட்டையெல்லாம் வந்த சூட்டோடு பிடுங்கினார்கள். அவள் இடப்பக்கம்தான் திரும்புவாள் என்று தெரிந்து அங்கேயே காத்து நின்றார்கள். அவள் விழுந்தால் தாண்டிப் போனார்கள். அவளால் நாங்கள் இரண்டு கோல் வாங்கினோம். பெஞ்சுக்கு வரும்போதெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே கெட்ட வார்த்தையில் தன்னைத் திட்டிக்கொண்டாள். படம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. டேல் பொழுது போகாமல் உருளை வறுவல் வாங்க வரிசையில் போய் நின்றுவிட்டான்.

கடைசி நேரத்தில்தான் அது நடந்தது. பின்னாலிருந்து நான் அடித்த வட்டு ஜோலீனின் கால்காப்பில் பட்டுத் தெறித்தது. ரோண்டா அங்கே இருந்தாள். அடித்தாள், ஜோலீன் தடுத்தாள். வட்டு திரும்பி வந்தது. கால் தடுக்கி முழங்காலில் விழுந்துகொண்டே மறுபடி அடித்தாள். ஜோலீன் முழு உடம்பையும் நீட்டிப் பாய்ந்தாள், அவள் கையுறைக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருந்தது. வட்டு அதன் வழியே போய் வலையில் மோதியது. நான் நேர் பின்னால் நின்று என் கண்ணால் பார்த்தேன். அப்படி ஒரு கோலை நான் இந்த லீக்கில் பார்த்ததில்லை.

யாரும் கத்தவில்லை. கத்தினால் திட்டுவாளோ என்று பயம். மார்னி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நடுவர் மட்டும் கோல் என்று கை காட்டினார்.

ரோண்டா முழங்காலில் இருந்தபடியே ஜோலீனைப் பார்த்தாள். "விட்டியா?"

"இல்ல ரோண்டா! சத்தியமா இல்ல!" ஜோலீனுக்கு மூச்சு வாங்கியது. "நான் பாக்கவே இல்ல!"

ரோண்டா மெல்ல எழுந்து நின்றாள். "அன்னிக்கும் இதத்தானே சொன்னே" என்றாள்.

ஜோலீன் முகமூடியை மேலே தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுவதைப் பார்த்தாவது நம்பியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் எதற்குத்தான் அழமாட்டார்கள்? அறையில் நான் ரோண்டாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நான் பாத்தேன்டி! என் பிள்ளைங்க மேல சத்தியம். அவ பாஞ்சா, நீ போட்டே!"

"நீ என் சிநேகிதி கரோல். வேற என்ன சொல்லுவே?"

"அப்ப கோல்பிக்குச் சொல்லப் போறதில்லையா?"

"என்னன்னு சொல்ல?" ஸ்கேட்டைப் பைக்குள் திணித்தாள். "அவன்தான் ஏற்கனவே நம்பிட்டானே."

அந்த வாரமே, நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கும் சுரங்க ஊரின் அணிக்குப் போன் போட்டு, அடுத்த சீசனுக்குப் பேர் கொடுத்துவிட்டாள். பனிக்காலத்தில் அந்தச் சாலையை வாரத்துக்குப் பாதி நாள் மூடிவிடுவார்கள். போகாதே என்று டேல் சொன்னான், நானும் சொன்னேன், மார்னி வீடு தேடிப் போய்ச் சொன்னாள். அங்கே யாரையாவது தெரியுமா உனக்கு என்று கேட்டோம். ஒரு ஆளைக்கூடத் தெரியாது என்றாள்.