மருந்து மேல் உட்கார்ந்து

நாகர்கோவிலிலிருந்து ஆமத்தூர்ப் பக்கம் ஆசிரியை வேலைக்கு வந்த புதிதில், ஏழாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டில் யார் எந்த வண்டியில் போகிறார்கள், எது அதிகம் புகை விடுகிறது என்று எழுதி வர வேண்டும். நோட்டுகளைத் திருத்தும்போது சிரிப்புத்தான் வந்தது. அப்பா, அண்ணன், சித்தப்பா எல்லாரும் பைக். அம்மாவும் அக்காவும் நடை, ஓசி பஸ், இல்லையென்றால் கம்பெனி வேன். என் வீட்டுக் கதையும் அதுதான். கூப்பிடு தூரத்துப் பால்கடைக்கும் என் கணவருக்குப் பைக் வேண்டும். நான் விருதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன்.

ஒரு சிறுமி, "அம்மா மருந்து மேல் உட்கார்ந்து வேனில் போகிறார்" என்று எழுதியிருந்தாள். வேனில் வாந்தி வராமலிருக்க மாத்திரை போடுகிறாராக்கும் என்று நினைத்து, சிவப்பு மையால் அடித்து "மருந்து சாப்பிட்டுவிட்டு" என்று திருத்தினேன். ஐந்து முறை எழுதி வரவும் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எழுதி வந்தாள்.

நோட்டைப் பார்த்த இன்னொரு ஆசிரியைதான் விளக்கினார். இந்தப் பக்கம் கம்பெனி என்றால் பட்டாசுக் கம்பெனி, மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற வெடிமருந்து.

அன்று மாலையே அவள் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். தீபாவளி சீசனில் லோடு வண்டி கிடைக்காத நாட்களில், டிரைவர் மருந்து மூட்டைகளை இவர்கள் சீட்டுக்கு அடியில் ஏற்றிவிடுவாராம். புகார் எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுதிராதீக டீச்சர். வேனை நிப்பாட்டிட்டா நாங்க எதுல போறது? ஓசி பஸ் வாறதுக்குள்ள கம்பெனி கேட்டைப் பூட்டிருவாக."

வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கணவரிடம், நீங்கள் கொண்டுபோய் விட்டால் என்ன என்று கேட்டேன். அவர் வேலைக்குப் போகிற வழிக்குக் கம்பெனி எதிர்த் திசையாம். பெட்ரோல் விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகாதாம். சொல்லிவிட்டு, தெருமுனை டீக்கடைக்கு அதே பைக்கில் கிளம்பினார். எனக்கு வந்த கோபம் விருதுநகர் போய்ச் சேரும் வரை ஆறவில்லை.

புகாரை எழுதினேன். ஆனால் அனுப்பத் தைரியம் வரவில்லை, பையிலேயே கிடந்தது.

மறுவாரம் ஒரு காலையில், அந்தச் சிறுமி உள்ளே போகாமல் பள்ளி வாசலில் நின்றிருந்தாள். ஏன் நிற்கிறாய் என்று கேட்டேன்.

"அம்மா போற வேன் இந்த வழியாத்தான் வரும். மூட்டை இல்லாத அன்னைக்கு அம்மா கையை வெளிய நீட்டிக் காட்டும் டீச்சர்."

வேன் வந்தது. நானும் அவளோடு நின்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். ஒரு கையும் வெளியே வரவில்லை.