ஐந்தடி மேடையும் ஆறடித் தம்பியும்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் அதுவரை யாருக்கும் ஊரிலேயே வைத்துக் குருப்பட்டம் கொடுத்ததில்லை. என் தம்பிதான் முதல் ஆள். கோயில் சின்னது, ஜனம் அதிகம். ஆகவே தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போகும் சாலையோரம் இருந்த காலி மைதானத்தில் மேடை போட்டு, பட்டம் கொடுக்க ஆயரை வரவழைப்பது என்று பங்குச் சாமியார் முடிவு செய்தார். மேடைக் கமிட்டியில் ஒன்பது ஆண்கள். நான் கணக்கு டீச்சர் என்பதால் அளவு போட்டுக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அந்த ஒன்பது பேரும் ஆயருடைய நாற்காலிக்கு வெல்வெட் துணி சிவப்பா ஊதாவா என்பதைப் பற்றி மூன்று கூட்டம் பேசினார்கள்.

எனக்கு இந்தக் குருப்பட்டத்திலேயே சம்மதம் இல்லை. இன்ஜினியரிங் படித்து வீட்டைத் தூக்கி நிறுத்துவான் என்று நினைத்த பையன், பள்ளி முடித்ததும் குருமடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினான். அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டாள். நான் வேறு கண்ணீர் விட்டேன். அந்தக் கோபத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டேன்.

ஆனால் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பட்டம் பெறுகிறவன் பீடத்தின் முன் முகங்குப்புற நீட்டிப் படுத்துக் கிடப்பான். அப்போது சபை முழுவதும் புனிதர்களைப் பெயர் பெயராகக் கூப்பிட்டு வேண்டுகிற அர்ச்சிஷ்டவர்கள் பிரார்த்தனை சொல்லும். "அவன் அப்படி விழுந்து கெடக்கறத நான் கண்ணால பாக்கணும்டி. பத்து வருஷமா அதுக்காகத்தான் காத்துக்கினு இருக்கேன். எதுவும் மறைக்காம மேடைய போடு" என்றாள். முதல் வரிசையில் நடு நாற்காலி உனக்கு, மறைத்தால் என்னைக் கேள் என்று வாக்குக் கொடுத்தேன்.

காலி தார் டிரம்களை நிறுத்தி, மேலே பலகை அடித்து, சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டு மேடை எழும்பியது. ஆழம் பன்னிரண்டு அடி. பின்னால் ஒட்டி மூன்றடி பீடம், முன்னால் ஒன்பதடி காலி. ஆறடித் தம்பி கையையும் நீட்டிப் படுக்கலாம். தாளில் வரைந்து பார்த்து எனக்கு நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டேன்.

குருப்பட்ட நாளன்று மத்தியானம் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சாமியார் வந்து இறங்கினார். சடங்கு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. மேடையில் ஏறினார், பீடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆயர் எங்க நிப்பாரு? டிரம்முக்குள்ளயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தபோதே சாமியாரும் திரும்பி நின்றுவிட்டார். ஜனங்களுக்கு முதுகு காட்டின காலம் போய், பீடத்துக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துப் பூசை வைக்கிற காலம் வந்திருந்தது. என் கை மட்டும் சிறுவயதில் பார்த்த பழக்கத்தில் பீடத்தைச் சுவரோரமாகவே வரைந்திருந்தது. ஒழுங்காகப் பூசைக்குப் போகிற எவளும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். ஒழுங்காகப் போகிற அந்த ஒன்பது பேரும் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டியது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பீடத்தை நாலடி முன்னே இழுத்தார்கள். மீதி ஐந்தடி. கூடுதலாக டிரம் கேட்கலாம் என்றால், கொடுத்த ரோடு காண்டிராக்டர் பெருங்களத்தூரில் வேலையென்று காலையிலேயே போய்விட்டார். பூசைக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது.

"குறுக்க படுக்கட்டுமே ஃபாதர்."

"தலை பீடத்தப் பாக்கணும்மா. குறுக்கப் படுக்க இதென்ன ரயில்வே பிளாட்ஃபாரமா?"

தம்பி வந்து எட்டிப் பார்த்தான். "முட்டிய மடக்கிக்கறேன்க்கா" என்றான். தவளை மாதிரி அவன் கிடப்பதையும், அம்மா அதைப் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தேன். அவள் பத்து வருஷம் காத்திருந்ததை நான் ஒரு பென்சில் கோட்டில் கெடுத்துவிட்டேன். தம்பி மீது இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் என் மீதே திரும்பியது.

கீழ்க்கட்டளையிலிருந்து மைக் செட் போட வந்திருந்த முஸ்லிம் பாய் சவுக்குக் கம்பில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னா டீச்சரம்மா, இதுக்குப் போய் பேஜார் பண்ணிக்கினு கீறீங்க. மேடைக்கு முன்னாடி அம்மாம் தரை சும்மாதான கீது? கீய படுக்கச் சொல்லுங்க. சாமி முன்னாடி வுழறவனுக்கு மேடை எதுக்கு?"

நாங்கள் பன்னிரண்டு பேரும், அதில் இரண்டு பேர் வேதசாஸ்திரம் படித்தவர்கள், பாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சடங்குச் சாமியார் தொண்டையைச் செருமி, அதில் தவறொன்றும் இல்லை என்றார். பாய் தன் வண்டியிலிருந்து நிக்காஹ் வீடுகளில் விரிக்கிற சிவப்பு ஜமக்காளத்தைக் கொண்டுவந்து விரித்தார். ஜமக்காளம் யாருடையது என்று பங்குச் சாமியார் பிறகு கேட்டபோது, கடவுள் நம்பிக்கை உள்ள ஒருவர் கொடுத்தார் என்று சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை.

சாயங்காலம் தம்பி மேடையிலிருந்து இறங்கி வந்து, அம்மாவுக்கு நேர் எதிரே, தலை பீடத்தின் பக்கம் இருக்க விழுந்தான். அர்ச்சிஷ்டவர்கள் பெயர் ஒவ்வொன்றாக ஸ்பீக்கரில் வந்தது. மீனம்பாக்கத்துக்கு இறங்கின விமானம் ஒன்று நாலைந்து பெயரை விழுங்கிக்கொண்டு போயிற்று. முட்டி வலியால் அம்மா நாற்காலியில் இருக்க, நான் பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தேன். தம்பியின் இரண்டு உள்ளங்காலும் கை எட்டும் தூரத்தில் இருந்தன. இடது குதிகாலில் பிறை மாதிரி ஒரு தழும்பு. அவனுக்கு எட்டு வயதில் வாடகை சைக்கிளின் பின்னால் வைத்து நான் ஓட்டியபோது சக்கரக் கம்பியில் கால் மாட்டிக்கொண்டது. கண்ணாடி குத்திவிட்டது என்று அம்மாவிடம் இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொன்னோம். அவன் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவனை இனி வீட்டுக்குக் கேட்க முடியாது என்று நெஞ்சு வலித்தது. அழுதேன், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே, "என்னம்மா, மறைக்காம தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"எங்கடி பாத்தேன்? பிரார்த்தனை சொல்றப்ப கண்ண மூடிக்கினு இருந்தேன். முடிஞ்சு தொறந்தா, எழுந்து நிக்கறான்."

"அம்மா, கண்ணால பாக்கணும்னு பத்து வருஷமா சொன்னியே."

"வேண்டிக்கிறப்ப எவளாவது கண்ணத் தொறந்து வெச்சுக்கினு இருப்பாளா? நீ பாத்த இல்ல? எப்பிடி இருந்தான், சொல்லு."

எனக்குக் கோபம் வரவில்லை. ஜமக்காளத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். தழும்பு வந்ததும் சைக்கிள் கதையையும் சேர்த்துச் சொன்னேன். முட்டியைத் தேய்த்த என் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு, மறுபடி முதலிலிருந்து சொல் என்றாள். அம்மா சாகும்வரை அதை நான் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.