லிஃப்ட் குழியில் ஒரு வெள்ளிக்கிழமை

"நீங்களா உள்ள இறங்கப் போறீங்க? ஆம்பள யாரும் வரலியா?"

எந்த சைட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். அன்னிக்குக் கேட்டது குருசுக்குப்பம் பக்கத்துல இருக்கற ஒரு நாலு மாடி அபார்ட்மென்டோட செகரட்டரி. "வந்திருக்கான் சார், என் தம்பி. அவன் மேல நிப்பான். குழிக்குள்ள நான்தான்"னு சொல்லிட்டு டார்ச்ச வாங்கிட்டு எட்டிப் பாத்தேன். லிஃப்ட் குழியில முழங்கால் அளவு தண்ணி. சுவரும் தரையும் சேர்ற மூலையெல்லாம் கசிஞ்சுட்டே இருந்துச்சு.

எங்க வேலையே இதுதான். காங்கிரீட்டுல விரிசல் வழியா தண்ணி வந்தா, சுவத்துல சாய்வா துளை போட்டு, அதுல இரும்பு நிப்பிள் முடுக்கி, பம்ப் வச்சு பி.யூ. கெமிக்கல உள்ள ஏத்தணும். தேன் மாதிரிதான் போகும். உள்ள தண்ணியப் பாத்துச்சுன்னா பொங்கி, இண்டு இடுக்கெல்லாம் புகுந்து, அப்படியே கெட்டியாயிடும். புதுச்சேரியில இந்த வேலைக்குப் பஞ்சமே கிடையாது. கடல் பக்கத்துல கொஞ்சம் தோண்டினாலே தண்ணி. அதுக்குள்ள போய் குழியும் கட்டுவாங்க, மழை வந்ததும் "ஐயோ தண்ணி"ன்னு கத்தவும் செய்வாங்க.

லிஃப்ட் நின்னு ஒன்பது நாள் ஆயிருந்துச்சு. செகரட்டரி மோட்டார் வச்சு இறைக்காத நாள் இல்ல. சாயங்காலம் இறைச்சா காலையில மறுபடியும் அதே முழங்கால் தண்ணி. நான் பாக்கப் போனது வியாழக்கிழமை சாயங்காலம். திங்கக்கிழமை வேலைய வச்சுக்கலாம்னு சொல்லிட்டுக் கெளம்பினேன். அப்பதான் படியில மூச்சு வாங்கிக்கிட்டு ஒரு அம்மா இறங்கி வந்தாங்க.

நாலாவது மாடி. வீட்டுக்காரர் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவர், அப்படிப்பட்டவங்கள எங்க ஊர்ல 'சொல்தா'ன்னு சொல்லுவாங்க. செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் அவருக்குக் கதிர்காமத்து ஆஸ்பத்திரியில டயாலிசிஸ். லிஃப்ட் நின்னதுல இருந்து ஆட்டோ ஸ்டாண்டு ஆளுங்க நாலு பேர் அவர பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சுத் தூக்கிட்டு இறங்கியிருக்காங்க. செவ்வாய்க்கிழமை ரெண்டாவது மாடித் திருப்பத்துல சேர் கால் படியில இடறி, மனுஷன் தலைகுப்புற விழப் பாத்திருக்கார்.

"இன்னிக்கு வர மாட்டேன்னுட்டாரும்மா. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. சனிக்கிழமையும் போகலன்னா நுரையீரல்ல தண்ணி ஏறிடும்னு டாக்டர் போன்ல சத்தம் போடறார். இவரு, லிஃப்ட் ஓடினா வரேன், ஓடலன்னா என்ன விட்ருங்கறார்."

என் வாய் எப்பவும் எனக்கு நாலடி முன்னாடி ஓடும். "சனிக்கிழமை காலையில உங்க வீட்டுக்காரர் லிஃப்டுலதான் இறங்குவார். நான் சொல்றேன்"னுட்டேன். தம்பி என் முழங்கைய இடிச்சான். இடிச்சு என்ன பிரயோஜனம், சொன்னது சொன்னதுதான்.

மறுநாள் விடியறதுக்குள்ள எழுந்துட்டேன். வெள்ளிக்கிழமைன்னா எங்க வீட்டுல பம்புக்குப் பூஜை உண்டு. ஆட்டோக்காரர் ஆட்டோவக் கழுவற மாதிரிதான். ஆனா பி.யூ. பம்புக்குத் தண்ணிதான் எமன். அதனால வெளியில துணியால தொடச்சு, மஞ்சள் குங்குமம் வச்சு, கற்பூரம் காட்டறதோட சரி. அன்னிக்கு எனக்கு மனசு கேக்கல. ஒரு உசுரு விஷயம், தாயே நீதான் பாத்துக்கணும்னு சொல்லிட்டு, ரெண்டு செம்பு மஞ்சத் தண்ணிய எடுத்து அது தலையிலயே ஊத்திட்டேன். கெமிக்கல் ஊத்தற கப்போட மூடி மூடித்தான் இருந்துச்சு. நல்லாத் தொடச்சும் வச்சேன். போதும்னு நெனச்சேன்.

எட்டு மணிக்கு வேலைய ஆரம்பிச்சோம். மெக்கானிக் மெயின் சுவிட்சப் பூட்டி, லிஃப்ட மேலயே முட்டுக் குடுத்து நிறுத்தியிருந்தார். தண்ணிய இறைச்சு, மூலையச் சுரண்டி, ஒரு சாணுக்கு ஒரு துளை போட்டு நிப்பிள் எல்லாம் முடுக்கி முடிக்க பதினோரு மணி ஆச்சு. கெமிக்கல ஊத்தி பம்பப் போட்டேன். முதல் நிப்பிள் நல்லா இழுத்துச்சு. ரெண்டாவதுல பம்ப் முக்க ஆரம்பிச்சது. மூணாவதுல நின்னே போச்சு. மூடியத் திறந்து பாத்தா, கெமிக்கல் ஊத்தின கப்புல பால் பொங்கற மாதிரி நுரை பொங்கி வருது.

"டேய்! எதுலடா தண்ணி பட்டுச்சு? உனக்கு எத்தனை தடவ படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்?"னு கட்டடமே கேக்கற மாதிரி கத்தினேன்.

தம்பி குழிக்கு மேல இருந்து எட்டிப் பாத்து, ரொம்ப மெதுவா கேட்டான். "அக்கா, காலையில அதக் குளிப்பாட்டுனது யாரு?"

ஊருக்கெல்லாம் தண்ணி படக் கூடாதுன்னு பாடம் எடுக்கறவ, மூடி இடுக்கு வழியா தண்ணி இறங்கி வால்வுல நிக்கும்னு யோசிக்கல. பக்தி கண்ண மறைச்சிடுச்சு. அரை மணி நேரத்துல பம்ப் உள்ளெல்லாம் கல்லாயிடுச்சு. பிரிச்சு சுத்தம் பண்ண ரெண்டு நாள் ஆகும். வாடகைக்கு வேற பம்ப் கேட்டா எல்லாம் சைட்டுல இருக்குன்னாங்க. அந்தக் குழியில உக்காந்து என்னையே திட்டிக்கிட்டேன். அழுகை வந்துச்சு, அதயும் திட்டினேன்.

"பரண்ல கை பம்ப் கெடக்குது. போய் எடுத்துட்டு வா"ன்னேன்.

"அக்கா, அத வச்சு ரெண்டு நிப்பிள் ஏத்தறதுக்குள்ள கை கழண்டுடும். இங்க இருபத்தாறு இருக்கு."

"கை என்னோடது. நீ போ."

அவன் திரும்பி வரதுக்குள்ள குழியில கணுக்கால் வரைக்கும் தண்ணி ஏறிடுச்சு. மறுபடி இறைச்சோம். கை பம்ப் பழசுதான், ஆனா காஞ்சு கெடந்துச்சு, அது போதும். புது டப்பாவ உடைச்சு ஊத்தி நெம்புகோல அமுக்க ஆரம்பிச்சேன். ஒரு நிப்பிளுக்கு நாப்பது அம்பது தடவ அமுக்கணும். பக்கத்து நிப்பிள்ல கெமிக்கல் எட்டிப் பாத்தா அதுக்கு மாறணும். தம்பி நான் அமுக்கறேன்னு கெஞ்சினான். அவன் இருக்கற பருமனுக்கு அந்தக் குழியில குந்தவே முடியாது. "மேல இருந்து ஊத்தறத ஒழுங்கா ஊத்து"ன்னேன்.

நடுவுல அந்த அம்மா காப்பி எடுத்துட்டு வந்து கூப்பிட்டாங்க. அந்த நேரம் கடைசி மூலை. அங்கதான் தண்ணி வேகமா வந்து, ஏத்தற கெமிக்கல நுரையோட வெளிய தள்ளிக்கிட்டிருந்துச்சு. "இப்பக் கைய எடுத்தா எல்லாம் போச்சு, காப்பியும் வேணாம் ஒண்ணும் வேணாம், போங்க!"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவங்க போகல. டம்ளரக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே குந்திட்டாங்க.

அந்த மூலைய மூணு தடவ ஏத்தினேன். ஏத்தறது, கெட்டியாகற வரைக்கும் காத்திருக்கறது, திரும்ப ஏத்தறது. "வாடி வா, நீ எவ்ளோ நேரம் வரேன்னு நானும் பாக்கறேன்"னு தண்ணியத் திட்டிக்கிட்டே அமுக்கினேன். உள்ளங்கை ரெண்டும் கொப்புளம் உடைஞ்சு எரிஞ்சுது. அஞ்சு மணிக்கு அந்த மூலையில கசிவு நின்னுச்சு. துணியால தொடச்சுட்டு அரை மணி நேரம் கண்ண எடுக்காம பாத்தேன். தொடச்ச இடம் தொடச்சபடியே இருந்துச்சு. மேல ஏறி வந்து, ஆறிப்போன அந்தக் காப்பிய ஒரே மடக்குல குடிச்சேன். மெக்கானிக் வந்து எல்லாம் சோதிச்சு, ஏழு மணிக்கு லிஃப்ட ஓட விட்டார்.

சனிக்கிழமை காலையில குழியப் பாக்கப் போனேன். காஞ்சு கெடந்துச்சு. ஒரு நிமிஷம் எனக்கே என் மேல அப்படி ஒரு பெருமை. அதுக்குள்ள அந்த அம்மா லிஃப்டுல இறங்கி வந்தாங்க, தனியா. முகம் வெளிறியிருந்துச்சு.

"லிஃப்ட் ஓடுதுன்னு சொல்லிட்டேன். அப்பவும் வரலங்கறாரும்மா."

எனக்கு வந்த கோவத்துக்கு லிஃப்டுக்குக் கூட நிக்கல, படியில ஏறிப் போனேன். ஐயா கட்டில்ல உக்காந்திருந்தார். மழமழன்னு ஷேவ் பண்ணின முகம், மரக்கட்டை மாதிரி வீங்கின காலு.

"ஐயா, நேத்து ஒரு நாள் முழுக்க அந்தக் குழியில கெடந்தேன். லிஃப்ட் ஓடினா வரேன்னு சொன்னீங்க. ஓடுது. எழுந்திருங்க."

அவர் என்னக் கோவிச்சுக்கல. ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு சொன்னார். "லிஃப்ட் கெட்டதும் எனக்கு ஒரு சாக்கு கெடச்சுதும்மா. ஊசி, மெஷின், நாலு மணி நேரம் படுக்கை. எனக்கு வேணாம்னு சொன்னா இவ அழுவா. லிஃப்ட் இல்லன்னு சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதில்ல. நீ அதயும் இல்லாம பண்ணிட்ட."

வாசப்படியில நின்ன அந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டுடுச்சு. அவங்க அழல. உள்ள வந்து, அவர் காலடியில குந்தி, வீங்கின கால்ல செருப்ப மாட்டப் பாத்தாங்க. நுழையல. செருப்பு வார அவுத்து விட்டுத் திரும்ப மாட்டினாங்க. அதயும் அவர் பாத்துக்கிட்டே இருந்தார். அப்புறம் கையத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

பிடிச்சு எழுப்பி, மூணு பேரும் மெதுவா நடந்து லிஃப்ட் வரைக்கும் போனோம். அவங்க ரெண்டு பேரும் உள்ள போனாங்க. நான் கதவ மூடப் போனேன். அவர் என் மணிக்கட்ட விடல.

"நீயும் கூட வாயேம்மா. எனக்குப் பயமா இருக்கு"ன்னார்.

அன்னிக்குப் பிள்ளைச்சாவடியில எனக்கு இன்னொரு வேலை இருந்துச்சு. தம்பிக்கு போன் பண்ணி நீயே பாத்துக்கடான்னு சொல்லிட்டேன். அவங்களோட இறங்கி, அவங்களோடயே ஆட்டோவுல ஏறினேன். டயாலிசிஸ் ரூம் வாசல்ல நாலு மணி நேரம் அந்த அம்மா பக்கத்துல உக்காந்திருந்தேன்.