எந்த முருகையன்?

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நின்றுகொண்டு என் மச்சானைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பின்னால்தான் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். ஆனாலும் கிடைக்கவில்லை!

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன் முருகையன். தருமபுரத்தில் வீடு. அப்பா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். காலையில் இட்லியில் கை வைத்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குடல் இறங்கி மாட்டிக்கொண்டதாம். உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர்.

அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள்.

"டாக்டர், முன்னாடி பாண்டில ஒரு ஊசி போட்டு அண்ணனுக்கு ஒடம்பெல்லாம் வீங்கி, மூச்சே திணறிப் போச்சு. பொழைச்சதே பெரிசு."

"என்ன ஊசிம்மா?"

யாருக்குத் தெரியும்? ஊசி போட்டுக்கொண்டவருக்கே தெரியாது. பழைய சீட்டெல்லாம் வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

"அது தெரியாம ஊசி போட எனக்கே பயமா இருக்கு. சீக்கிரம் தேடச் சொல்லுங்க" என்று கவுன்ட்டரைக் காட்டினார் டாக்டர். பாண்டியில் ஊசி போட்ட அந்த ஆஸ்பத்திரி, இந்த ஆஸ்பத்திரி, இன்னும் பல ஆஸ்பத்திரிகளின் ரெக்கார்டுகளை இப்போது ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களாம்.

ஒரே இடத்திலா? எனக்குப் பகீரென்றது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஜவுளிக்கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டாலே எனக்கு வேர்த்துவிடும். ஊர் ஜனங்களின் வியாதியெல்லாம் ஒரே இடத்தில் என்றால்... எவனாவது உட்கார்ந்து படிக்கமாட்டானா?

கவுன்ட்டரில் நெரவியிலிருந்து தினமும் வேலைக்கு வரும் நிவேதா. "படிக்க முடியாது சார். எல்லாம் என்கிரிப்ஷன், பூட்டுப் போட்டு வச்ச மாதிரி. உள்ள என்ன எழுதியிருக்குன்னு அந்த கம்ப்யூட்டருக்கே தெரியாது."

"தெரியாட்டி எப்படிம்மா தேடும்?"

"நாம குடுக்கிற பேரையும் பூட்டித்தான் அனுப்பும். அங்க பூட்டி வச்சிருக்கிற பேரும் இதுவும் அச்சு அசலா ஒண்ணா இருந்தா எடுத்துக் குடுக்கும்."

பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னேன். தட்டினாள். இல்லை. மறுபடியும் தட்டினாள். இல்லவே இல்லை.

"கிட்டத்தட்ட இருக்கிறதையாவது காட்டச் சொல்லும்மா!"

"இதுல கிட்டத்தட்டங்கிறதே கிடையாது சார். ஒரு எழுத்து மாறினாலும், பூட்டினதுக்கப்புறம் மொத்தமும் வேறயாயிடும்."

டாக்டர் அறை வாசலுக்கும் கவுன்ட்டருக்குமாக நடந்தேன். ஸ்ட்ரெச்சரிலிருந்து முனகல்.

"மாப்ளே... ஆபரேஷன் எனக்கா, ஒங்களுக்கா? ஒரு எடத்துல நில்லுங்களேன். பாத்தா தலை சுத்துது."

"பேரு வரமாட்டேங்குது மச்சான்!"

வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டார். "எந்த முருகையனைப் போட்டீங்க? நம்ம முருகையனா, பிரெஞ்சு முருகையனா?"

அடடா!

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கத்தில் இது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதிதான். பிரெஞ்சுக் காகிதத்தில் 'மு' என்பதற்கு எம்-முக்குப் பிறகு ஓ வரும், அப்புறம்தான் யூ. பாண்டியில் மச்சான் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிந்திருக்கிறார். இங்கே அவசரத்தில் ஓ இல்லாமல் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னது சாட்சாத் நான்!

நிவேதா ஓர் ஓ சேர்த்தாள். அப்போதும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"'மு'வுக்கு ஒரு ஓ போட்டா போதுமா? ரு பாவமில்லையா?" என்றார் மச்சான்.

'ரு'வுக்கும் ஓர் ஓ. வந்துவிட்டார் முருகையன்!

ஆனால் ரெக்கார்டு திறக்கவில்லை. அவர் சம்மதம் வேண்டுமாம். அதற்காக அவர் போனுக்கு ஒரு ரகசிய நம்பர் வந்தது. போன் என் மனைவியின் கைப்பையில். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நாலு... ஏழு..." என்று ஆரம்பித்தாள்.

"ஏய், மெதுவா! எல்லாரும் கேக்கறாங்க!"

"கேட்டா கேக்கட்டும். அண்ணன் உசுரு பெரிசா, ஒங்க நம்பர் பெரிசா?" மீதியை இன்னும் சத்தமாகப் படித்தாள்.

ரெக்கார்டு திறந்தது. அதில் பாண்டி ஊசியைப் பற்றிய ஒரு பக்கத்தை டாக்டர் பார்த்தார். உடனே நர்ஸ் பக்கம் திரும்பி, தட்டிலிருந்த மருந்து ஒன்றை எடுத்துவிடச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால், புண் சீழ் பிடிக்காமலிருக்கப் போடுகிற ஊசியாம். நாங்கள் இத்தனை நாளும் மயக்க ஊசிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"இதைத்தான் இன்னிக்கும் போடறதா இருந்தோம்" என்றார்.

மச்சான் இப்போது கஞ்சி குடிக்கிறார். என்னைப் பார்த்தால், "ரெண்டு ஓ மாப்ளே" என்கிறார்.

நம் விஷயத்தை யாராவது திருடிவிடுவார்களோ என்றுதான் இதுவரை பயந்துகொண்டிருந்தேன். நல்ல பூட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்முடையது நமக்கே கிடைக்காமல் போனால்? பார்த்தீர்களா... பழைய பயம் போகவில்லை. பக்கத்தில் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். "உன் பேர்ல எத்தனை ஓ?"

"எதுக்கு?"

"நாளைக்கு ஒன்னைத் தேடணும்னா?"

"என்னைத் தேட ஸ்பெல்லிங் எதுக்குங்க? கொரல் குடுத்தா வரமாட்டனா?"

வருவாள். கம்ப்யூட்டர் வராதே!