யாரும் பீட்டை நிறுத்தவில்லை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இளவயதில் ஸ்பீடு என்று பட்டப்பெயர். மூச்சு விடாமல் ராப் பாடுவார் என்று ரசிகர்கள் வைத்தது. இப்போது இரண்டு மாடி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. லிஃப்ட் வேலையில் ஒட்டிக்கொண்டதும் அதனால்தானோ என்னவோ. அவருடைய ராப் குழுவில் மூன்று பேர், எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்: பாட அவரும் தாடியும், பீட் எனும் தாள இசை போடக் குட்டை.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். பாடுகிறவரின் வரி சப்பென்று இருந்தால் கேட்கிறவர் நடுவிலேயே பீட்டை நிறுத்திவிட வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. பாடியவர் வாயை மூடிக்கொண்டு போய் வேறு எழுதிவர வேண்டும். சண்டை வரும், சட்டைகூடக் கிழியும். ஆனால் அப்படிச் சலித்தெடுத்த பாட்டுகளைத்தான் ஊரே முணுமுணுத்தது.

பிறகு கல்யாணம், குழந்தை என்று ஆளுக்கொரு திசையில் போனார்கள். பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த தாடி, ஐம்பது வயதில் வேலையை உதறிவிட்டு வந்து நின்றார்.

"மறுபடி ஒரு ஆல்பம் போடுறோம்டா. இதை விட்டா வேற வாய்ப்பே இல்ல."

குட்டை வீட்டு மாடி அறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் பதிவு நடந்தது. பசி, தெரு, போலீஸ் துரத்தல் என்று தாடி அதே பழைய கதையைத் தொப்பை குலுங்கப் பாடினார். ஸ்பீடின் விரல் பீட்டை நிறுத்தும் பட்டன் வரை போனது. வேலையை விட்டுவிட்டு வந்தவனை எந்த முகத்தோடு நிறுத்துவது?

"கலக்கிட்டடா" என்றார்.

ஸ்பீடு பாடியபோதும் பீட் நிற்கவில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆல்பம் மண்ணைக் கவ்வியது. 'மாமாக்களுக்கு யாராவது தண்ணி குடுங்கப்பா' என்று எவனோ இணையத்தில் எழுத, ஊரே சிரித்தது. வேலையிடத்தில் எலக்ட்ரீஷியன் ஒருவர் லிஃப்ட் மோட்டார் அறையில் அந்த ஆல்பத்தை ஆசையாய்ப் போட்டுக் கேட்டார். முதல் பாட்டே முடியவில்லை, "அண்ணே, உங்க பழைய பாட்டு ஒண்ணு போடட்டுமா?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஸ்பீடுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அவன் பாட்டு தேறாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று மனைவியிடம் புலம்பினார். "ஒரு பட்டனை அழுத்தியிருந்தா அவன் பிழைப்பு இப்படி ஆயிருக்காது."

"என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

போனார். இவர் வாயைத் திறப்பதற்குள் தாடி இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருடா. உன் பாட்டு சொதப்பல்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நிறுத்தியிருக்கணும். பாவம், வேலை வேலைன்னு அலைஞ்சு களைச்சுப்போய் வர்றான், மனசு நோகக் கூடாதேன்னு விட்டுட்டேன்."

ஸ்பீடுக்கு முகம் சுண்டிப்போனது. இவர் பாவம் பார்த்த ஆளே இவரைப் பாவம் பார்த்திருக்கிறார். 'நானும் அதையேதான்டா செஞ்சேன்' என்ற பேச்சு தொண்டை வரை வந்தது. இப்போது சொன்னால் பதிலுக்குப் பதில் போலாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. மன்னிக்கிற இடம் அவருக்குப் பிடித்துப்போனது.

"விடுடா, பரவாயில்ல." அதோடு வாயை மூடியிருக்கலாம். "உன் பாட்டாவது நல்லா இருந்துச்சே."

தாடி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிஜமாவா சொல்ற? வேன் வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்கடா. வரலன்னு சொல்லிடறேன். தனியா ஒரு ஆல்பம் போட்டுப் பாக்கறேன், என்ன?"

ஸ்பீடால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரி என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார்.