அமாவாசையன்னிக்குப் பட்ட அடி

போன புரட்டாசி மாசம், என் வலது காலை எடுக்க வேண்டி வரலாம்னு சொன்னாங்க. அந்தக் காலாலதான் இன்னிக்கு நடந்து வந்து உங்க முன்னாடி நிக்கிறேன். விளக்கு பூஜைக்கு வந்திருக்கிற அக்கா தங்கச்சிங்க கொஞ்சம் பொறுமையா கேளுங்க. எனக்குப் பொறுமை கிடையாது, அது ஊருக்கே தெரியும். நீங்களாவது இருங்க.

என் பேரு தனலட்சுமி. பிள்ளையார்பாளையத்துல நானும் வீட்டுக்காரரும் ரெண்டு தறி வச்சு நெய்யறோம். அமாவாசைன்னா நம்ம தெருவுல ஒரு தறியும் ஓடாது. நானும் கல்யாணமாகி வந்த நாளா அதை மீறினதில்ல. ஆவணி அமாவாசையன்னிக்குத்தான் எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. ஒரு கல்யாணப் புடவை, முந்தி மட்டும் பாக்கி. பட்டு நூல் குடுத்து நெய்யச் சொன்ன முதலாளி காலையிலேயே ரெண்டு தரம் போன் பண்ணிட்டாரு. வீட்டுக்காரர் குளத்துக்குத் தர்ப்பணம் பண்ணப் போயிருந்தாரு. ஒரு முழம் நெய்ஞ்சா யாருக்குத் தெரியப்போவுதுன்னு, காலைத் தொங்கவிட்டு உக்கார்ற தறிக்குழியில இறங்கினேன்.

இறங்கினவ ஒழுங்கா இறங்கினேனா? கால் வழுக்கி, நெய்த புடவையைச் சுத்தி வைக்கிற உருட்டு மரத்துல தொடை போய் மடார்னு மோதிச்சு. கண்ணுல பூச்சி பறந்துச்சு. ஒரு இழைகூட ஓட்டாம மேல ஏறி வந்துட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல. அமாவாசையில தறியில இறங்கினேன்னு தெரிஞ்சா என் நாத்தனார் பொங்கல் வரைக்கும் அதையே பேசுவாங்க.

பத்து நாள்ல அதே இடத்துல முட்டை சைசுக்குக் கட்டி. சுடுது, வலிக்குது. நாத்தனார் பார்த்துட்டாங்க. "வாயுக் கட்டிதான்மா, சூடா நல்லெண்ணெய் வச்சு உருவினா கரைஞ்சுடும்"னு காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் உருவ ஆரம்பிச்சாங்க. அவங்களுக்குக் கையா அது, இரும்பு! பல்லைக் கடிச்சுக்கினு படுத்துக் கிடந்தேன். கரைஞ்சுதா? கல்லாச்சு. முட்டியை மடக்க முடியல. மடக்க முடியாம தறியில எங்க உக்கார்றது?

இங்கேயே ஒரு இடத்துல ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டுல இருந்த ஒரு வார்த்தையை என் பொண்ணு போன்ல தேடிப் பார்த்துட்டு, போனைக் கவுத்து வச்சுட்டு அழுதா. சார்கோமா. சதையிலயும் எலும்புலயும் வர்ற புத்துநோயாம். "இருக்கலாம்னுதான் போட்டிருக்குது, உடனே சென்னைக்குப் போங்க"ன்னு டாக்டர் சொன்னாரு.

போனோம். அங்க ஒரு சின்ன வயசு டாக்டர் முதல் கேள்வியே, "இந்த இடத்துல அடி ஏதாவது பட்டுச்சாமா?"ன்னு கேட்டாரு. இந்தப் பக்கம் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் நாத்தனார். "இல்லைங்க"ன்னுட்டேன். அடி இல்லைன்னு எழுதிக்கினாரு. திங்கட்கிழமை ஊசியால சதை எடுத்துப் பார்க்கணும், கெட்டதா இருந்தா ஆபரேஷன், காலைக் காப்பாத்த முடியுமான்னு அப்புறம்தான் சொல்ல முடியும்னாரு.

வீட்டுக்கு வந்தா ஜனம். ஒருத்தி வேப்பங்கொழுந்து தின்னுங்கறா. ஒருத்தி பாலே தொடாதேங்கறா. ஒருத்தி என் காலையே பார்த்துக்கினு அழறா. அழறவளுக்குக் காபி போட்டுக் குடுக்கறதும் நான்தான், நொண்டி நொண்டி! சீ போங்கடின்னு கத்தணும்போல இருந்துச்சு. எல்லாரும் போனப்புறம் பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். பயம்மா. வெளியில சொல்லிக்க முடியாத பயம். காமாட்சி அம்மாதான் தண்டிக்கிறான்னு உள்ளுக்குள்ள முடிவே பண்ணிட்டேன்.

வெள்ளிக்கிழமை காமாட்சி கோயிலுக்குப் போனேன். வரிசையில ஒரு மணி நேரம் நொண்டிக் காலோட நின்னா, சன்னதியில நிக்க விட்டது மூச்சு விடற நேரம்தான். நகருங்க நகருங்கன்னு தள்றாங்க. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! வாய் விட்டே கேட்டுட்டேன். "நீ மட்டும் ரெண்டு காலையும் மடிச்சு சம்மணம் போட்டு சௌக்கியமா உக்காந்துக்கினு இருக்க. எனக்குத் தறியில மிதிக்கட்டையை மிதிக்கக் கால் வேணாமா? அமாவாசையில தறியில இறங்கினது தப்புதான். ஒரு இழைகூட நெய்யலையேம்மா! அதுக்கு அடி போதாதா, காலையே எடுப்பியா?" வரிசையில முன்னாடி நின்ன பொம்பளை திரும்பிப் பார்த்தாங்க. என்னைத் தள்ளி விட்டுட்டாங்க. பிரகாரத்துல உக்காந்து அழுது தீர்த்தேன். பதில் ஒண்ணும் வரல. வீட்டுக்குப் போய் சாம்பார் வச்சேன்.

திங்கட்கிழமை ஊசி போடறதுக்கு முன்னாடி ஒரு பெரிய டாக்டரம்மா வந்தாங்க. ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்தாங்க, காலைப் பார்த்தாங்க, படத்தைப் பார்த்தாங்க. "நிஜமாவே அடி படலையா?"ன்னாங்க. இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை ஒரு தரம் வாய் விட்டுச் சொன்ன அதே வார்த்தை தன்னால வெளியில வந்துடுச்சு. "அமாவாசையில தறியில இறங்கி விழுந்துட்டேம்மா!"

நாத்தனார் வாயில கை வச்சுக்கினாங்க. வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தாரு. டாக்டரம்மா அது எதையும் கண்டுக்கல. "எந்த அமாவாசை? தேதி சொல்லுங்க"ன்னாங்க. ஆவணி அமாவாசைன்னேன். சுவத்துல இருந்த காலண்டரைப் புரட்டி விரல் விட்டு எண்ணினாங்க. உருவினீங்களான்னு கேட்டாங்க. நாத்தனார் தலையைக் குனிஞ்சுக்கினாங்க.

அப்புறம் டாக்டரம்மா திட்டினாங்க பாருங்க! "அடிபட்ட சதை ஆறும்போது சில பேருக்கு உள்ளயே எலும்பு மாதிரி கெட்டியாவும். உருவினா இன்னும் மோசமாவும். ஆரம்பத்துல பார்த்தா அப்படியே புத்துநோய் மாதிரி இருக்கும், சதை எடுத்துப் பார்த்தாக்கூட ஏமாத்தும். ஓரத்துல இருந்து உள்ள நோக்கிக் கெட்டியானா இது சாதுவான கட்டி. நடுவுல கெட்டியாகி ஓரம் கலைஞ்சிருந்தா அது வேற. அடிபட்ட நாள் தெரிஞ்சாத்தானே படத்தைப் படிக்க முடியும்? அதையே மறைச்சா நான் என்னத்தைப் படிக்கிறது?" ஊசியைத் தள்ளி வச்சாங்க. இன்னும் எதையும் உறுதியா சொல்ல மாட்டேன், நாலு வாரம் கழிச்சு மறுபடி படம் எடுக்கணும், நடுவுல பெருசானா, வலி ஏறினா உடனே ஓடி வரணும், யாரும் அதுல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க.

திரும்பி வரும்போது வாலாஜாபாத் வந்ததும் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினாரு. அப்புறம் மெதுவா, "ஒரு முழமாவது நெய்ஞ்சியா?"ன்னாரு. இல்லைன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிச்சாரு. நான் அழுதேன். அவரும் கண்ணைத் துடைச்சுக்கினாரு.

அந்த நாலு வாரம் எப்படிப் போச்சுன்னு என்னைக் கேட்காதீங்க. ஐப்பசியில மறுபடி படம் எடுத்தாங்க. கட்டியைச் சுத்தி வெள்ளையா ஒரு கோடு, புடவைக்குக் கரை கட்டின மாதிரி சுத்தமா இருந்துச்சு. "இது புத்துநோய் இல்லம்மா. வீட்டுக்குப் போய் வேலையைப் பாருங்க"ன்னு டாக்டரம்மா சிரிச்சாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சுக்கினு விடல.

அப்புறம்தான் யோசிச்சேன். வேற ஒரு நாள்ல விழுந்திருந்தா தேதி எனக்கு ஞாபகம் இருந்திருக்குமா? செவ்வாயா புதனான்னு உளறிக்கினு இருந்திருப்பேன். அமாவாசைங்கறதாலதான் நாள் தப்பாம சொன்னேன். தண்டனைன்னு நான் நெனச்ச நாளே என் காலைக் காப்பாத்துச்சு. பதில் வரலைன்னு அன்னிக்கு அம்மாகிட்ட கோவிச்சுக்கினேன். அவ என் வாயைத் திறந்து விட்டதுதான் பதில், எனக்குத்தான் அது புரியல.

நம்பி அவகிட்ட போய் நில்லுங்கம்மா. கோவம் வந்தா கோவத்தோடயே நில்லுங்க, அவ தாங்குவா. அங்க அழுது சொன்னதை டாக்டர்கிட்டயும் மறைக்காம சொல்லுங்க. கட்டின்னு ஒண்ணு வந்தா எண்ணெயை எடுக்காதீங்க, முதல்ல போய்க் காட்டுங்க. எல்லாருக்கும் என்னை மாதிரியே முடியும்னு நான் சொல்லல, ஆனா தெரிஞ்சுக்கினா ஒரு வழி பிறக்கும்.

இன்னிக்கும் அமாவாசை. என் தறி சும்மா இருக்குது, நான் இங்க இருக்கேன். கட்டி சுருங்கிப்போச்சு, புளியங்கொட்டை அளவுக்கு இன்னும் இருக்குது. நம்பாதவங்க பூஜை முடிஞ்சு வந்து தொட்டுப் பாருங்க. நாத்தனார் முதல் வரிசையில உக்காந்து என் காலையே பார்த்துக்கினு இருக்காங்க. அண்ணி, நீங்களும் தொடலாம். தேய்க்க மட்டும் விட மாட்டேன்.