அண்ணியின் ராஜினாமாக்கள்

கிட்வே நகரில், சுரங்கக் குடியிருப்புத் தேவாலயத்தின் பாடகர் குழுவை நடத்துபவர் என் அண்ணி முசோண்டா. பள்ளிச் சமையலறையில் வேலை. குரல் வெண்கலம். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. ஒத்திகைக்குப் பெண்கள் தாமதமாக வந்தால், "இந்தக் குழுவைக் கைகழுவியாச்சு" என்பார். ஆண்கள் சுருதி விலகினால், "தலைமுழுகிட்டேன்" என்பார். யாராவது கைபேசியை நோண்டினால், "ஆளை விடுங்கப்பா" என்று கிளம்பிவிடுவார். ஒவ்வொரு முறையும் சமாதானத் தூது போவது மேளக்காரனான நான்தான். அரை மணி நேரம் திட்டு விழும். பிறகு கருவாட்டுக் குழம்போடு இன்ஷிமாக் களி கிடைக்கும். மறுநாள் காலை ஆராதனைக்கு அவரே முதல் ஆளாக நிற்பார்.

போன ஈஸ்டருக்கு ஒரு மாதம் முன்பு புதிதாக வந்த போதகர் சிம்புங்வேக்கு இந்த வழக்கம் தெரியாது. ஒத்திகையில் அண்ணி "இனி நான் இல்ல" என்றதும், மிகுந்த மரியாதையோடு நன்றி சொல்லி, ஞாயிறு ஆராதனையில் அறிவித்தும்விட்டார். சபை கைதட்டியது. அண்ணிக்கு முகம் கறுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இனி நான் இல்லன்னா விட்டுட்டேன்னு அர்த்தமா?"

"வேற என்ன அர்த்தம் அண்ணி?"

"கோவமா இருக்கேன்னு அர்த்தம். இத்தனை வருஷமா மேளம் அடிக்கிற, இது தெரியாதா உனக்கு?"

எனக்குத் தெரியும், போதகருக்குத்தான் தெரியாது என்றேன். அப்படியானால் நீ அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும் என்று பழி என் தலையில் விழுந்தது.

புதிய தலைவர் கபாசோ சாந்தமான மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார். பெண்கள் இன்னும் தாமதமாக வந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் பந்தாட்டம் பார்க்கப் போனார்கள். ஈஸ்டருக்கு முந்தின நாள் கபாசோவே வரவில்லை. போகிறேன் என்று ஒரு வார்த்தை கிடையாது. விசாரித்தால், வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாராம்.

போதகர் என்னையும் இழுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கு வந்தார். திரும்பவும் பொறுப்பேற்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். அண்ணி கீரை அரிவதை நிறுத்தவில்லை.

"ஏத்துக்கிறேன்னெல்லாம் சொல்ல மாட்டேன், போதகரே. நாளைக்கு வந்து நிப்பேன். அவ்வளவுதான்."

"அப்ப நீங்களே தொடர்றீங்கன்னு அறிவிச்சிடலாமா?"

"நீங்க எதையும் அறிவிக்காம இருந்தாலே போதும்."

போதகர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

ஈஸ்டர் காலையில் அண்ணி எடுத்த முதல் அடிக்கே கூரைத் தகரம் அதிர்ந்தது. எனக்குப் புல்லரித்துப்போய் இரண்டு இடத்தில் தாளம் தவறியது. படி இறங்குவதற்குள் அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.